வாவிக்கரை வண்டியும் அதன் கவசங்களும்

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. வடக்கே ஏறாவூரை அடுத்த பகுதியிலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை கிடக்கும் இந்நீர்ப்பரப்பு, நாட்டை இரு கரைகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. கதிரவன் எழும் கடலோரப் பக்கம் எழுவான்கரை. அவன் சாயும் மேற்குப் பக்கம் படுவான்கரை. கடைத்தெருக்களும் பெரிய வைத்தியசாலைகளும் அலுவலகங்களும் பெரும்பாலும் எழுவான்கரையில் அமைந்தன. வயல்களும் மாட்டுப்பட்டிகளும் குளங்களும் காடும் படுவான்கரையின் செல்வம். ஆகவே ஒரு கரையில் உறங்கி மறு கரையில் உழைக்கும் மக்கள் இங்கே மிகப் பலர்.

அவர்களுள் ஆசிரியர்களும் உளர். களுவாஞ்சிகுடியிலும் ஆரையம்பதியிலும் விடியுமுன் எழுந்து, கொக்கட்டிச்சோலைக்கும் வெல்லாவெளிக்கும் அப்பாலுள்ள சிற்றூர்ப் பாடசாலைகளுக்கு முதல் மணி ஒலிக்குமுன் போய்ச் சேரவேண்டியவர்கள் அவர்கள். மண்முனைப் பாலம் 2014 ஆம் ஆண்டிலேதான் திறக்கப்பட்டது. அதுவரை அவ்விடத்தில் வண்டியையும் ஆளையும் ஏற்றிக் கடத்தியது 'பாதை' எனப்படும் மிதவை. பிற வட்டாரத்தார் பாதை என்றால் தரைவழியை எண்ணுவர். மட்டக்களப்பாருக்கோ அது தரைவழி முடியும் இடத்தில் வந்து நிற்பது! குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையே வாவியைக் கடந்தோரும் தலைமுறை தலைமுறையாக இப்பாதையையே நம்பி வாழ்ந்தனர்.

பாலத்தைக் கடந்தபின் தார்வீதி சிறிது தூரம் துணை வரும். அதன்பின் கிறவல் வீதி. அதன்பின் வயல் வரம்பை ஒட்டிய மண்வழி. பேருந்து அரிதாக ஓடும் அவ்வூர்களில், ஆசிரியரின் மோட்டார் சைக்கிள் பழுதுபட்டால் அன்று ஒரு வகுப்புக்கு ஆசிரியர் இல்லை. குடும்ப நல மருத்துவமாதின் வண்டி பழுதுபட்டால், நிறைமாதத்துப் பெண்ணொருத்தி வாயிலைப் பார்த்துக் காத்திருப்பாள். பாற்காரரின் வண்டி பழுதுபட்டால், முற்பகல் வெயிலிலே கறந்த பால் புளிக்கும். எனவே இவ்வண்டிக்கு என்ன கவசம் பூட்டுவது, அதில் அமர்வோருக்கு என்ன வசதி செய்வது என்பது இவ்விடத்தில் பொழுதுபோக்கான ஆராய்ச்சி அன்று.

மேலைநாட்டில் 'சாகசப் பயண மோட்டார் சைக்கிள்' என்றொரு வகை உண்டு. ஜேர்மனியின் பி.எம்.டபிள்யூ நிறுவனம் 1980 இல் வெளியிட்ட ஆர் 80 ஜி/எஸ் என்னும் வண்டியை அவ்வகையின் முன்னோடி என்பர். அப்பெயரிலுள்ள இரண்டு எழுத்துகளும் காட்டுவழியையும் வீதியையும் குறிக்கும் ஜேர்மன் சொற்களின் முதலெழுத்துகள். அண்டை நாடான இந்தியாவில், சென்னையை அடுத்த தொழிற்சாலைகளைக் கொண்ட றோயல் என்பீல்ட் நிறுவனம் 2016 இல் 'ஹிமாலயன்' என்னும் வண்டியை விற்பனைக்கு விட்டது. இத்தகைய வண்டிகளோடு கால் காப்பு, கைக் காப்பு, அடித்தகடு, காற்றுத்தடுப்பு, பெட்டிகள், மெத்தை இருக்கை என்று நீண்டதோர் அணிகலப் பட்டியலும் வரும். பாலைவனத்தையும் பனிமலையையும் ஒருமுறை கண்டு மீள விரும்பும் செல்வர்களுக்கு அவை உரியன. ஆயினும் கல், மணல், சேறு, ஆற்றுநீர், முட்செடி, காட்டு விலங்கு என அவர்கள் தேடிப்போகும் யாவும் படுவான்கரை ஆசிரியரை ஒவ்வொரு காலையும் தாமே தேடி வருகின்றன. அவரிடம் இருப்பதோ பழைய ஹொண்டா சீ.டி. 125, அல்லது இந்தியாவிலிருந்து வந்த பஜாஜ்.

2020 இல் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 இன் தொடக்கத்திலேதான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய வண்டிகளின் விலை ஏறியது. உதிரிப் பாகங்களும் அருகின. இருக்கின்ற வண்டியை எவ்வாறேனும் காப்பாற்றுவதே அறிவுடைமை என்பதை அவ்வாண்டுகள் பலருக்கும் கற்பித்தன.

முதலில் கால் காப்பை எடுத்துக்கொள்வோர் பலர். இயந்திரத்தின் இருபுறமும் வளைத்துப் பூட்டப்படும் இரும்புக் குழாய் இது. கிறவலில் வழுக்கி வண்டி பக்கவாட்டில் சாயும்போது, இயந்திரத்தின் மூடியும் கியர் மிதியும் தரையில் மோதாமல் இது தாங்கும். இப்பணியை நன்றாகச் செய்யும். ஆயின் இதைப் பூட்டிவிட்டால் கால் பிழைத்தது என்று எண்ணுவது பிழை. அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்தில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரிற் சென்று ஆராய்ந்த ஹரி ஹேர்ட் என்பார் 1981 இல் வெளியிட்ட அறிக்கை, இக்காப்பினால் கணுக்காலிலும் பாதத்திலும் காயம் குறைந்ததெனினும் முழங்காலிலும் தொடையிலும் காயம் கூடியதால் பயன் சமமாகிப் போயிற்று என்று கண்டது. ஆகவே அது வண்டியின் கவசம். ஆளின் கவசம் அன்று. விற்போர் இவ்வேறுபாட்டைச் சொல்வதில்லை.

அதனைப் பூட்டும் முறையிலும் கவனம் வேண்டும். வண்டியின் சட்டத்தோடு இயந்திரம் பிணைக்கப்பட்டுள்ள பருத்த ஆணிகளில், மேலும் கீழுமாக இரண்டு மூன்று இடங்களில் அது பற்றி நிற்கவேண்டும். முன்குழாயில் ஒரேயொரு பட்டியால் கட்டிவிடப்பட்ட மலிவான காப்பு, விழும் கணத்தில் பின்னோக்கி மடங்கிக் காலையே இறுக்கிப் பிடிக்கும். காவலுக்கு வைத்தவன் கதவைப் பூட்டிக்கொண்டு போனது போலாகிவிடும்.

வாவிக்கரையில் இன்னொரு பகைவன் உண்டு. அவன் பெயர் கறள். கடலின் உப்புக்காற்று ஒருபுறம், வாவியின் உவர்நீர் மறுபுறம். பட்டறையில் வளைத்த குழாயின் வெளிப்புறத்துக்குச் சாயம் பூசுவர்; உட்புறத்தை யார் பார்க்கிறார்? வெல்டிங் செய்த பொருத்தின் நுண்ணிய இடைவெளியால் மழைநீர் உள்ளே புகுந்து, வளைவின் அடியில் தேங்கி, உள்ளிருந்தே இரும்பை அரிக்கும். வெளியே பளபளப்பாக இருக்கும் காப்பு முதல் வீழ்ச்சியிலேயே ஒடிவதன் காரணம் இதுவே. குழாயின் நுனிகளை அடைத்து, மிகத் தாழ்ந்த இடத்தில் சிறியதொரு துளையிட்டால் நீர் வடிந்துவிடும். அலுமினியத் தகட்டை இரும்பு ஆணியால் பூட்டும்போதும் எச்சரிக்கை தேவை. இருவேறு உலோகங்களுக்கு நடுவே உவர்நீர் நின்றால் அஃது ஒரு சிறு மின்கலமாகி, அலுமினியத்தைத் தின்னும். இறப்பர் வளையமும் சிறிது கிறீசும் இட்டு இரண்டையும் பிரித்து வைத்தால் அத்தீங்கு குறையும்.

கைக் காப்பு, கைபிடியின் முன்னே நிற்கும் வளைந்த தடுப்பு. காட்டுவழியில் முட்கிளை விரல்களைக் கிழிக்காதபடி காப்பதோடு, வண்டி விழுகையில் கிளச்சின் பிடியும் பிறேக்கின் பிடியும் முறியாமல் காக்கும். ஊரிலிருந்து 15 கிலோமீற்றர் தள்ளிக் கிளச் பிடி முறிந்து நின்றவருக்குத்தான் அதன் அருமை தெரியும். பூட்டியபின் ஒரு சோதனை செய்தல் நன்று. இயந்திரத்தை ஓடவிட்டு, வண்டியை நிறுத்தியபடியே கைபிடியை இடக்கோடி முதல் வலக்கோடி வரை மெல்லத் திருப்புக. திருப்பும்போது இயந்திரத்தின் ஒலி உயருமானால், புதிய காப்பு அக்சிலரேற்றர் கம்பியை இழுக்கிறது என்பது பொருள். அதைத் திருத்தாமல் வீதியில் இறங்கினால், வளைவில் திரும்பும் வேளையில் வண்டி தானாகவே பாயும்.

இயந்திரத்தின் அடியில் தகடு பூட்டுவதைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. கல் தெறிக்கும் வீதியில் அது பயன்படும். ஆனால் துளையில்லாத தகட்டில் சேறு நிறைந்து இறுகிவிட்டால், காற்றினால் குளிரவேண்டிய இயந்திரம் புழுங்கும். நீர் வடியவும் எண்ணெய் மாற்றவும் வழி விட்டுத் தகட்டைச் செய்யவேண்டும்.

இனி, மேலைநாட்டுப் பட்டியல்களில் இடம்பெறாததும், இந்நாட்டில் முதலிடம் பெறவேண்டியதுமான ஒரு காப்பு உண்டு. அது சேலைக் காப்பு. பாடசாலைக்குச் சேலையணிந்து செல்லும் ஆசிரியை, கணவரின் அல்லது தமையனாரின் பின்னே ஒருபுறமாகக் கால்களைத் தொங்கவிட்டு அமர்கிறார். காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் அபாயா அணிந்த பெண்கள் அவ்வாறே செல்கின்றனர். வண்டி மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும்போது பின்சில்லு ஒரு வினாடிக்கு ஏறத்தாழ ஆறு முறை சுழல்கிறது. காற்றில் பறக்கும் முந்தானையின் ஒரு முனை கம்பிகளுக்கு இடையே அகப்பட்டால், எஞ்சிய துணியைச் சில்லு சுருட்டிக்கொள்ள ஒரு வினாடி கூட வேண்டியதில்லை. அமர்ந்திருப்பவர் கூவி, ஓட்டுபவர் கேட்டு, பிறேக் மிதிப்பதற்குள் எல்லாம் நடந்து முடிந்துவிடும். தோளைச் சுற்றிய துணியாயின் விழுவார். கழுத்தைச் சுற்றிய சால்வையாயின் அதனினும் கொடிது.

இந்தியாவில் 1989 ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் இதனைக் கருத்திற் கொண்டன. பின்னே அமர்பவருக்குக் கைப்பிடியும் கால்தாங்கியும் இருத்தல் வேண்டும். அவரது உடை சில்லில் சிக்காதவாறு பின்சில்லின் பாதியேனும் மறைக்கும் காப்பு ஒன்றும் இருத்தல் வேண்டும் என 123 ஆவது விதி கூறுகிறது. ஆகவே அங்கிருந்து வரும் வண்டிகளில் சேலைக் காப்பு இருப்பது வழக்கம். அதனைக் கழற்றி எறிந்துவிட்டு, சாகச வண்டியின் தோற்றம் வரவேண்டுமென்று இளைஞர் சிலர் பின்சில்லை வெறுமையாக்கி ஓடுகின்றனர். மாலையில் அதே வண்டியில்தான் தாயையும் தங்கையையும் கோயிலுக்கு ஏற்றிச் செல்கின்றனர்! யப்பானிலிருந்து வந்த பழைய காட்டுவழி வண்டிகளிலோ இக்காப்பு இருப்பதில்லை. அந்நாட்டார் அவ்வண்டியைச் செய்தபோது சேலையை நினைத்திருக்க நியாயமில்லை.

இதனை ஊர்ப் பட்டறையிலேயே செய்துகொள்ளலாம். மெல்லிய இரும்புக் கம்பிகளை விரற்கடை இடைவெளியில் நிறுத்திச் சட்டமாக்கி, மட்காட்டின் தாங்கியிலும் பின்சில்லின் அச்சருகேயும் பூட்டுவர். சில்லு மேலும் கீழும் அசையும்போது சட்டம் அதில் உராயாதவாறு, இருவர் ஏறியமர்ந்த நிலையில் இடைவெளியைப் பார்த்துக்கொள்ளவேண்டும். அதனோடு ஒருபுறமாக அமர்பவரின் இரு பாதங்களையும் தாங்கும் அகன்ற கால்பலகை ஒன்றும் தேவை. கால் ஊன்ற இடமின்றித் தொங்குபவர், பள்ளத்தில் வண்டி துள்ளும்போது நிலைகுலைவார். சங்கிலியை முழுவதும் மூடும் தகரப் பெட்டி பழைய சீ.டி. வண்டிகளில் உண்டு. அழகில்லை என்று அதைக் கழற்றுவோர், உடையையும் சங்கிலியையும் ஒருங்கே இழப்பர். கடற்கரை மணல் சங்கிலியை அரம்போல் தேய்த்துவிடும்.

தலைக்கவசத்தின் வரலாறு அறியத்தக்கது. அரேபியப் பாலைவனப் போரினால் புகழ்பெற்ற ரி. ஈ. லோறன்ஸ் 1935 மே மாதத்தில் இங்கிலாந்தின் கிராம வீதியொன்றில் மோட்டார் சைக்கிளிலிருந்து வீழ்ந்து, சில நாட்களில் உயிர் நீத்தார். அவரைப் பார்த்த வைத்தியர்களுள் ஒருவர் மூளை அறுவை நிபுணரான ஹியூ கேர்ன்ஸ். இறப்பைத் தடுக்க இயலாத அவர், இத்தகைய இறப்புகளைத் தடுப்பது எப்படி என்ற ஆராய்ச்சியில் இறங்கினார். 1941 இல் அவரது கட்டுரை வெளிவந்தது. அவ்வாண்டிலேயே பிரித்தானியப் படையின் மோட்டார் சைக்கிள் தூதர்களுக்குத் தலைக்கவசம் கட்டாயமாக்கப்பட்டது. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2008 இல் வெளிவந்த காக்ரேன் மதிப்பீடு, தலைக்கவசம் இறப்பின் அபாயத்தை ஏறத்தாழ 42 வீதமும் தலைக்காயத்தின் அபாயத்தை 69 வீதமும் குறைக்கிறது என்கிறது.

இலங்கைச் சட்டம் ஓட்டுநரும் பின்னிருப்பவரும் கவசம் அணிதல் வேண்டும் என்கிறது. அணிகின்றனர், ஆனால் தாடைப் பட்டியை மாட்டாது அணிவோர் எத்தனை பேர்! பட்டி மாட்டாத கவசம், தலை தரையைத் தொடுமுன் வேறு திசையிற் பறந்துவிடும். கவசத்தின் உள்ளே இருக்கும் வெண்ணிறப் பஞ்சுபோன்ற பகுதியே உயிர் காப்பது. மீன்பெட்டி செய்யும் றிஜிபோமின் உறவுப் பொருள் அது. மோதலின் வேகத்தைத் தான் நசுங்கி உள்வாங்கும். ஒருமுறை நசுங்கியபின் மீண்டும் எழாது. எனவே ஒரு விபத்தைக் கண்ட கவசம், வெளியே கீறலின்றி இருந்தாலும் வேலை முடிந்த கவசமே. அதைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டுப் புதிது வாங்குவோர் உண்டு. அது நல்ல கொடை அன்று.

கச்சான் காற்று வீசும் வைகாசி முதல் ஆவணி வரையிலான மாதங்களில் கறுத்த றெக்சின் இருக்கை அடுப்புக்கல்லாகிவிடும். இருக்கைக்கு மேல் இடும் கம்பளித் தோல் குளிர்நாட்டு வழக்கம். இங்கே மழைக்காலத்தில் அது நனைந்து நாறும். காற்று ஊடுருவும் வலைத்துணி உறை ஏற்றது. நிறுத்தியிருக்கும் வேளையில் பழைய பன்பாய்த் துண்டொன்றை மேலே விரித்து வைப்பதும் போதும். முதுகு நோவென்று இறப்பர்ப் பஞ்சை மேலும் மேலும் அடுக்கி இருக்கையை உயர்த்துவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். இருக்கை உயர்ந்தால் கால் நிலத்துக்கு எட்டாது. பாதையின் நனைந்த பலகையில் வண்டியை ஏற்றி இறக்கும்போது, இரு பாதங்களும் நன்கு ஊன்றுபவரே வாவியில் விழாமல் தப்புவார். முதுகு நோவுக்கு மருந்து, பெரும்பாலும், கைபிடியைச் சிறிது பின்னே சாய்த்து நிமிர்ந்து அமர்தலே.

சுமையைப் பற்றியும் சொல்லவேண்டும். இருபுறமும் 20 லீற்றர் பாற்கலங்கள் இரண்டு தொங்கினால் பாலின் நிறை மட்டும் 41 கிலோகிராமுக்கு மேல். அச்சுமை பின்சில்லின் அச்சுக்குப் பின்னே போகப்போக முன்சில்லு இலேசாகும். மணலில் அது சொற்கேளாது. தாங்கியை முன்னே தள்ளி, தாழ்த்திப் பூட்டுவது முறை. நிறைந்த கலத்தினும் பாதி நிறைந்த கலமே தொல்லை தருவது என்பதைப் பாற்காரர் அறிவர். உள்ளே அலையும் பால் வளைவில் வண்டியையும் அலைக்கும். மீன்காரர் பெட்டியிலோ பனிக்கட்டி உருகிய உப்புநீர் துளித்துளியாகச் சங்கிலியிலும் பின் பிறேக்கிலும் விழுகிறது. பெட்டியின் அடியில் ஒரு குழாய் மாட்டி நீரைச் சில்லுக்கு அப்பால் வடியவிட்டால், ஆண்டுதோறும் சங்கிலி மாற்றும் செலவு மிஞ்சும்.

இருள் கவிந்தபின் படுவான்கரையிலிருந்து திரும்புவோருக்கு வீதியில் கட்டாக்காலி மாடும், காட்டோரத்தில் யானையும் எதிர்ப்படும். இதற்காகக் கூடுதல் விளக்குப் பூட்டுவது தகும். ஆனால் அவ்விளக்கு தரையை நோக்கித் தாழ்ந்து எரியவேண்டும். நிமிர்ந்து எரியும் வெண்ணொளி எதிரே வருபவரைக் குருடாக்குகிறது. அவர் எந்த வேலியில் மோதினார் என்பதை, விளக்குக்காரர் திரும்பிப் பார்ப்பதில்லை. இவற்றோடு பெருமுழக்கமிடும் சைலன்சரையும் சிலர் பூட்டுகின்றனர். மீன் பாடும் தேனாட்டில் வண்டியும் பாடவேண்டியதில்லை.

மாரிகாலம் வந்தால் எல்லாக் கவசமும் நீருக்கு முன்னே சிறுத்துவிடும். 2011 சனவரியில் வாவி பெருகி இரு கரைகளையும் மூழ்கடித்தது யாவருக்கும் நினைவிருக்கும். வீதியை நீர் மூடியிருக்கையில், காற்று உட்கொள்ளும் பெட்டியின் உயரத்தை அறிந்து, அதற்குக் கீழேதான் நீர் இருக்கிறது என்று உறுதியானாலன்றி இறங்கலாகாது. இடையில் வண்டி நின்றுவிட்டால் மீண்டும் மீண்டும் உதைத்து எழுப்ப முயல்வது பெருந்தீங்கு. காற்றைப்போல நீர் அமுங்காது. உருளைக்குள் நீர் புகுந்திருந்தால் உள்ளே தண்டு வளைந்துவிடும். வண்டியைத் தள்ளிக் கரையேற்றி, தீப்பொறிச் செருகியைக் கழற்றி, நீரை வெளியேற்றி, எண்ணெய் பால்நிறமாகி இருக்கிறதா என்று பார்த்தபின்பே இயக்கவேண்டும்.

மழை ஓய்ந்த மாசி மாதத்தில், ஆசிரியர் பலர் ஒரு சனிக்கிழமை முற்பகலை இதற்கென்று ஒதுக்குகின்றனர். வண்டியை நன்னீரால் கழுவி நிழலில் உலர்த்துவர். கால் காப்பின் அடித்துளையைக் கம்பியால் குத்தித் திறப்பர். சேலைக் காப்பின் ஆணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, கறளைத் துடைத்து, கிறீஸ் தடவி, திரும்பவும் முறுக்குவர். திங்கட்கிழமை காலையில் மண்முனைப் பாலத்தின் மேல் அவ்வண்டிகளை வரிசையாகக் காணலாம்.